குறைந்த கட்டண விமானமும் முழுச்சேவை விமானமும்: உண்மைச் செலவு ஒப்பீடு

குறைந்த கட்டண விமான நிறுவனம் என்பது, பயணியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டு சேர்க்கும் இருக்கையை மட்டும் குறைந்த விலைக்கு விற்று, பெட்டி, உணவு, விரும்பிய இருக்கை போன்றவற்றுக்குத் தனித்தனியே கட்டணம் பெறும் நிறுவனமாகும். முழுச்சேவை விமான நிறுவனம் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பயணச்சீட்டின் விலையிலேயே சேர்த்து விற்கிறது. எனவே இணையத்தில் தேடும்போது தெரியும் இரு விலைகளும் ஒரே பொருளின் விலைகள் அல்ல. வீட்டு வாசலிலிருந்து சேருமிடத்தின் வாசல்வரை ஒரு பயணி செலவிடும் மொத்தத் தொகையே பயணத்தின் உண்மைச் செலவு. அந்தத் தொகை நிறுவனத்தை மட்டுமன்றி, பயணி யார், என்ன எடுத்துச் செல்கிறார், எங்கிருந்து புறப்படுகிறார் என்பவற்றையும் பொறுத்தது.

வரலாறு

இம்முறைக்கு முன்மாதிரி அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ். இது 1971 சூனில் டெக்சாசு மாநிலத்தின் டாலஸ், ஹியூஸ்டன், சான் அன்டோனியோ நகரங்களுக்கிடையே பறக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பண நெருக்கடியால் தன்னிடமிருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தது. ஆனால் பயண அட்டவணையைக் குறைக்கவில்லை. தரையிறங்கிய விமானத்தைப் பத்து நிமிடங்களில் மீண்டும் புறப்படச் செய்து, நான்கு விமானங்களின் வேலையை மூன்றைக் கொண்டே முடித்தது. தரையில் நிற்கும் விமானம் வருமானம் தராது என்னும் இந்தப் பாடத்தைப் பின்னர் அயர்லாந்தின் ரையன்ஏர் உள்ளிட்ட பல நிறுவனங்கள் பின்பற்றின. மலேசியாவில் 2001 இல் கடனில் மூழ்கியிருந்த ஏர்ஏசியாவை டோனி பெர்னாண்டஸ் ஒரு ரிங்கிட்டுக்கு, அதன் கடன்களோடு வாங்கிக் குறைந்த கட்டண நிறுவனமாக மாற்றினார்.

இந்தியாவில் ஜி. ஆர். கோபிநாத் 2003 இல் ஏர் டெக்கானைத் தொடங்கினார். அவருடைய வாழ்க்கை நிகழ்வுகளைத் தழுவியே 'சூரரைப் போற்று' (2020) திரைப்படம் எடுக்கப்பட்டது. 2005 இல் ஸ்பைஸ்ஜெட், 2006 இல் இண்டிகோ வந்தன. 2005 இல் தொடங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், கேரளத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தொழிலாளர்களை முதன்மையாகக் கருதி இயங்கியது.

முழுச்சேவை வழங்கிய கிங்பிஷர் 2012 இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் பறப்பதை நிறுத்தின. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. இன்று இந்தியாவின் பெரிய முழுச்சேவை நிறுவனம் ஏர் இந்தியா ஒன்றே.

இரு வகைகளுக்கும் இடையிலிருந்த கோடும் மங்கி வருகிறது. ஏர் இந்தியா 2024 மே மாதத்தில் உள்நாட்டுப் பயணத்தின் மலிவான கட்டணப் பிரிவுகளுக்கான இலவசப் பெட்டி எடையை 15 கிலோவாகக் குறைத்தது. அதே ஆண்டு நவம்பரில் இண்டிகோ, தில்லி–மும்பை தடத்தில் உயர்வகுப்பு இருக்கைகளை அறிமுகப்படுத்தியது. பெட்டிக்குக் கட்டணமில்லை என்று பல்லாண்டுகள் விளம்பரம் செய்துவந்த சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2025 மே இறுதி முதல் பெரும்பாலான பயணிகளிடம் பெட்டிக்குக் கட்டணம் பெறுகிறது. ஆகவே நிறுவனத்தின் வகைப்பெயரைவிட, வாங்கும் பயணச்சீட்டின் விதிகளே முக்கியமானவை.

விலை எவ்வாறு குறைகிறது

குறைந்த கட்டண நிறுவனங்கள் விலையைக் குறைக்கும் முதன்மையான வழிகள் இவை:

* ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 போன்ற ஒரே குடும்ப விமானங்களைப் பெரிதும் பயன்படுத்துதல். இதனால் விமானிகளின் பயிற்சி, உதிரி பாகங்கள், பராமரிப்பு ஆகியவற்றின் செலவு குறைகிறது.
* ஒரே விமானத்தில் கூடுதல் இருக்கைகள் அமைத்தல். உயர்வகுப்பு இல்லாத ஏ320 விமானத்தில் 180 அல்லது 186 இருக்கைகள் அமைகின்றன. உயர்வகுப்பும் உள்ள விமானத்தில் இவ்வெண்ணிக்கை இதைவிடக் குறைவு.
* தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்து, ஒரு நாளில் கூடுதல் முறை பறத்தல்.
* பெட்டி, உணவு, இருக்கைத் தேர்வு ஆகியவற்றைத் தனி வருமானமாக்குதல்.

முதல் மூன்றும் நிறுவனத்தின் செலவை உண்மையாகவே குறைப்பவை. நான்காவது வழி செலவின் ஒரு பகுதியைப் பயணச்சீட்டிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றுகிறது. பயணி கவனிக்க வேண்டியது இந்த நான்காவதைத்தான்.

பயணச்சீட்டின் பகுதிகள்

இந்தியாவில் ஒரு பயணச்சீட்டின் விலையில் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இருந்தால் அது, விமான நிலையத்துக்கான பயனர் மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவை அடங்கும். சாதாரண வகுப்புக்கு இவ்வரி 5 விழுக்காடு. இணையத்தில் பதிவு செய்தால் பெரும்பாலும் வசதிக் கட்டணமும் சேரும்.

நிலையக் கட்டணமும் பாதுகாப்புக் கட்டணமும் எந்த நிறுவனத்தில் பறந்தாலும் பெரும்பாலும் ஒன்றே. எனவே அடிப்படைக் கட்டணம் பாதியாகும்போது மொத்த விலை பாதியாவதில்லை. ஏர் டெக்கான் ஒரு ரூபாய்க்குப் பயணச்சீட்டு அறிவித்தபோதும் பயணி செலுத்திய தொகை ஒரு ரூபாயோடு முடியவில்லை.

பின்னர் சேரும் செலவுகள்

*பெட்டி:* வேறுபாடு மிகுதியாகத் தெரிவது இதில்தான். இந்திய உள்நாட்டுப் பயணத்தில் இரு வகை நிறுவனங்களும் பொதுவாக 15 கிலோ பெட்டியையும் 7 கிலோ கைப்பையையும் கட்டணமின்றி ஏற்கின்றன. பெட்டி இல்லாத பயணிக்குக் கட்டணத்தைக் குறைத்து விற்க 2021 பிப்ரவரியில் அனுமதி வழங்கப்பட்டது. வெளிநாட்டுப் பயணத்தில் நிலைமை வேறு. பல குறைந்த கட்டண நிறுவனங்களின் அடிப்படை விலையில் கைப்பை மட்டுமே அடங்கும். ரையன்ஏரில் இருக்கைக்கு அடியில் வைக்கக்கூடிய சிறு பைதான் இலவசம். பெட்டிக்கான கட்டணத்தைப் பதிவு செய்யும்போதே செலுத்தினால் குறைவு. விமான நிலையக் கவுண்டரில் எடை போட்ட பின் செலுத்தினால் பல மடங்கு ஆகலாம்.

*இருக்கை:* முன்வரிசை, சன்னல் ஓரம், நடைபாதை ஓரம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு. இருக்கையைத் தேர்வு செய்யாவிட்டாலும் நிறுவனமே ஓர் இருக்கையை ஒதுக்கும். குழந்தைக்காக அஞ்சி இருக்கை வாங்க வேண்டியதில்லை. ஒரே பதிவில் பயணம் செய்யும் 12 வயது வரையிலான குழந்தையைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவருக்கு அருகில் அமர்த்த வேண்டும் என்று, டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. வரிசைகளுக்கிடையிலான இடைவெளி குறைந்த கட்டண விமானங்களில் சுமார் 28 முதல் 30 அங்குலமும், முழுச்சேவை விமானங்களில் சுமார் 30 முதல் 32 அங்குலமும் இருக்கும். ஒரு மணி நேரப் பயணத்தில் இவ்வேறுபாடு பெரிதாகத் தெரியாது. நான்கு மணி நேரம் அமரும் முழங்கால் வலிக்காரருக்கு நன்றாகவே தெரியும்.

*உணவு:* உள்நாட்டு விமானத்தில் இட்லி, சப்பாத்தி, புளிச்சோறு போன்றவற்றை வீட்டிலிருந்து கொண்டு செல்வது வழக்கம். சில வெளிநாட்டுக் குறைந்த கட்டண நிறுவனங்கள் வெளி உணவை விமானத்துக்குள் உண்ண அனுமதிப்பதில்லை.

*நிலையமும் நேரமும்:* ஐரோப்பாவில் சில குறைந்த கட்டண விமானங்கள் நகரின் பெயரைச் சொல்லித் தொலைவிலுள்ள நிலையத்தில் இறக்குகின்றன. பாரிசுக்கான போவே நிலையம் நகரிலிருந்து சுமார் 85 கி.மீ. வடக்கே உள்ளது. பிராங்க்பர்ட் பெயரைத் தாங்கிய ஹான் நிலையம் அந்நகரிலிருந்து சுமார் 120 கி.மீ. தொலைவில் இருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலும் இரு வகை விமானங்களும் ஒரே நிலையத்தைப் பயன்படுத்துவதால் இச்சிக்கல் குறைவு. ஆனால் பேருந்து ஓடாத நள்ளிரவில் புறப்படும் விமானத்துக்கு வாடகைக் கார்ச் செலவு சேரும்.

*மாறிச் செல்லும் பயணம்:* இரு விமானங்களுக்கு இரு தனிப் பயணச்சீட்டுகள் வாங்கியவர், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பொதுவாகப் புதிய பயணச்சீட்டே வாங்க வேண்டும். இரண்டும் ஒரே பதிவில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு.

ஒரு கணக்கு

சிங்கப்பூர் பயணம் இந்த ஒப்பீட்டுக்கு ஏற்றது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முழுச்சேவை நிறுவனம். ஸ்கூட் அதே குழுமத்தின் குறைந்த கட்டண நிறுவனம். சென்னையிலிருந்து இரண்டும் பறக்கின்றன. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஸ்கூட் மட்டுமே பறக்கிறது. கீழுள்ள தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நடப்பு விலைகள் அல்ல. ஒருவழிப் பயணத்துக்குக் குறைந்த கட்டணம் 9,000 ரூபாய், முழுச்சேவை 13,000 ரூபாய் எனக் கொள்வோம். வேறுபாடு 4,000 ரூபாய். முழுச்சேவையில் 25 கிலோ பெட்டியும் உணவும் அடங்கும்.

1. திருச்சி மாணவர், கைப்பை மட்டும்: குறைந்த கட்டணத்தில் 9,000 + நிலையம் செல்ல 300 = 9,300 ரூபாய். முழுச்சேவையில் 13,000 + சென்னை செல்ல 900 = 13,900 ரூபாய். மிச்சம் 4,600 ரூபாய்.

2. மகளின் பேறுகாலத்துக்குத் திருச்சியிலிருந்து செல்லும் தாய், 25 கிலோ பெட்டியுடன்: குறைந்த கட்டணத்தில் 9,000 + முன்பதிவு செய்த பெட்டி 3,000 + இருக்கை 500 + உணவு 600 + 300 = 13,400 ரூபாய். முழுச்சேவையில் 13,000 + இருக்கை 500 + 900 = 14,400 ரூபாய். மிச்சம் 1,000 ரூபாய். சென்னைவரை செல்லும் அலைச்சலும் இல்லை.

3. அதே தாய் சென்னையில் வசித்தால்: இரண்டுக்கும் நிலையச் செலவு 500. குறைந்த கட்டணத்தில் 13,600, முழுச்சேவையில் 14,000. வேறுபாடு 400 ரூபாயாகச் சுருங்குகிறது. குழந்தை முன்னதாகப் பிறந்து பயணத் தேதியை மாற்ற நேர்ந்து, அதற்கு முறையே 3,500, 2,000 ரூபாய் ஆனால், மொத்தம் 17,100, 16,000 என ஆகும். இப்போது முழுச்சேவையே 1,100 ரூபாய் மலிவு.

4. இரண்டாவது கணக்கிலுள்ள தாய் பெட்டியை முன்பதிவு செய்யாமல் போய், கவுண்டரில் கிலோவுக்கு 500 ரூபாய் கேட்டால்: பெட்டிக்கு மட்டும் 12,500, மொத்தம் 22,900 ரூபாய்.

நான்கு கணக்குகளிலும் பயணச்சீட்டுகளின் விலை ஒன்றே, விடைகள் வேறு. மிகப் பெரிய இழப்பு நான்காவதில் நேர்கிறது. அதற்குக் காரணம் விதியை முன்னரே அறியாததுதான். அடிக்கடி பறப்பவருக்கு இது ஒருமுறை நேரும் பாடம். சேமிப்பை எடுத்துக்கொண்டு முதன்முறை பறப்பவருக்கோ அது பெருந்தொகை. பெட்டியிலிருந்து பொடி, ஊறுகாய், குழந்தைத் துணிகளை எடுத்து நிலையத்திலேயே விட்டுச் செல்லும் நிலையும் இதனால்தான் வருகிறது.

பயணியின் உரிமைகள்

குறைந்த விலைக்கு வாங்கியவருக்கு உரிமையும் குறைவு என்பது தவறான எண்ணம். டிஜிசிஏ விதிகள் இரு வகை நிறுவனங்களுக்கும் பொதுவானவை.

* பயணச்சீட்டை இரத்து செய்யும்போது பிடிக்கும் தொகை, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. திரும்பப் பெற முடியாத பயணச்சீட்டிலும் பயனர் மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும்.
* இரண்டரை மணி நேரம் வரையிலான விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நிலையத்தில் காத்திருக்கும் பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். உணவை விற்கும் நிறுவனத்துக்கும் இது பொருந்தும்.
* உரிய காலத்தில் அறிவிக்காமல், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் உள்ள காரணத்தால் விமானத்தை இரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆனால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை அதைவிடக் குறைவானால் அந்தக் குறைந்த தொகையே கிடைக்கும்.

கடைசி விதியின்படி, மலிவான பயணச்சீட்டுக்கு இழப்பீடும் சிறியதாகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டு விதி வேறு வகையானது. அங்கு இழப்பீடு தொலைவைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ. பயணச்சீட்டு 20 யூரோவுக்கு வாங்கப்பட்டிருந்தாலும் இத்தொகை குறையாது.

பாதுகாப்பிலும் இரு வகைக்கும் தனித்தனி அளவுகோல் இல்லை. விமானப் பராமரிப்பு, விமானிகளின் உரிமம், பணி நேரம் ஆகியவற்றுக்கான அரசு விதிகள் இரண்டுக்கும் ஒன்றே.

கணக்கிடும் முறை

பயணச்சீட்டு வாங்கும் முன் இவ்வரிசையில் கணக்கிடலாம்:

1. வீட்டிலேயே பெட்டியையும் கைப்பையையும் எடை போடுக. ஊரிலிருந்து திரும்பும்போது கூடும் எடையையும் சேர்த்துக்கொள்க.
2. பணம் செலுத்தும் கடைசிப் பக்கம்வரை சென்று, வரியும் வசதிக் கட்டணமும் சேர்ந்த தொகையைக் குறித்துக்கொள்க. முதல் பக்க விலையை ஒப்பிட வேண்டாம்.
3. தேவையான எடை, உணவு, இருக்கை ஆகியவற்றின் விலையை இரண்டிலும் சேர்க்க.
4. வீட்டிலிருந்து நிலையத்துக்கும், இறங்கும் நிலையத்திலிருந்து சேருமிடத்துக்கும் ஆகும் செலவைச் சேர்க்க.
5. தேதி மாறக்கூடிய பயணமானால் மாற்றக் கட்டணத்தைப் பார்க்க. பேறுகாலம், மருத்துவம், நேர்காணல் போன்ற பயணங்களில் இதைத் தவிர்க்கக் கூடாது.
6. குடும்பமாகச் சென்றால் ஒவ்வொரு கூடுதல் செலவையும் பயணிகளின் எண்ணிக்கையால் பெருக்குக. ஒருவருக்கு 1,000 ரூபாய் என்பது நால்வர் சென்று திரும்பும்போது 8,000 ரூபாய்.

பொதுவாக, சிறு பையுடன் தேதி உறுதியான குறுகிய பயணம் செல்பவருக்குக் குறைந்த கட்டண விமானம் உண்மையிலேயே மலிவானது. எடை மிகுந்த பெட்டி, நீண்ட நேரம், மாறிச் செல்லும் விமானம், உறுதியற்ற தேதி ஆகியவற்றில் இரண்டு மூன்று சேரும்போது முழுச்சேவை விமானத்தின் விலையையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.