கைத்தொழிலுக்குக் கைகொடுக்கும் சிலிக்கோன் அச்சு

இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்து வடிவில் மெழுகுவர்த்தி செய்து விற்கலாம் என்று எங்கள் லயத்துப் பெண்கள் ஐந்து பேர் ஒன்று சேர்ந்தோம். தினமும் பறிக்கும் கொழுந்தின் அழகு எங்களுக்குத் தெரியாதா? சீட்டுப் பணத்தில் ஒரு கிலோ சிலிக்கோன் இறப்பர் வாங்கினோம். பிள்ளைகள் விளையாடும் வர்ணக் களியில் கொழுந்தைச் செய்து பெட்டிக்குள் வைத்தோம். இறப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, முட்டை அடிப்பதைப் போல வேகமாகக் கலக்கி ஊற்றினோம்.

மறுநாள் பெட்டியைத் திறந்தால், களியைத் தொட்ட பக்கமெல்லாம் பிசுபிசுவென்று இறுகாமல் கிடந்தது. இறுகிய பக்கத்திலோ தேன்கூடு போலக் குமிழிகள். பல நாட் கூலி ஒரே இரவில் குப்பைக்குப் போனது.

பொருளைக் குறை சொல்வதற்கில்லை. எந்த வகை என்று கேட்காமல் வாங்கியதும், அவசரப்பட்டுக் கலக்கியதும் எங்கள் பிழைகள். வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கங்களில் மெழுகுவர்த்தி, சவர்க்காரம், சிறு சிலைகள் என்று சுயதொழில் தொடங்க நினைக்கும் சகோதரிகள் அதே நட்டத்தை அடையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இது மரத்துப் பாலல்ல

இறப்பர் என்றதும் நமக்குக் கேகாலை, களுத்துறைப் பக்கத்து இறப்பர் தோட்டங்கள்தான் நினைவுக்கு வரும். பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த அந்த மரக்கன்றுகள் 1876இல் கம்பஹாவில் உள்ள ஹேனரத்கொட பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அந்த மரத்துப் பாலையும் மாதிரி உருவத்தின் மீது பல தடவை பூசிக் காயவைத்து அச்சு எடுப்பதுண்டு. செலவு குறைவு. ஆனால் சூடான மெழுகும் எண்ணெயும் பட்டுப்பட்டு அது விரைவில் பழுதாகும்.

சிலிக்கோன் இறப்பர் மரத்திலிருந்து வருவதல்ல. மணலில் உள்ள சிலிக்கன் என்ற மூலகத்திலிருந்து தொழிற்சாலையில் தயாரிக்கப்படுவது. சுமார் 200 பாகை செல்சியஸ் வரை வெப்பத்தைத் தாங்கும். மெழுகு, பிளாஸ்டர் எதுவும் அதில் ஒட்டாது. எனவே அச்சுக்கு ஏற்றது.

கேட்டு வாங்க வேண்டியவை

அச்சு வார்க்கும் சிலிக்கோன் இரண்டு பாகமாக வரும். இரண்டையும் கலந்தால்தான் இறுகும். அதில் இரண்டு வகை உண்டு.

முதலாவது வெள்ளீய வகை. பெரிய போத்தலில் உள்ள களிக்குச் சிறு போத்தலில் உள்ள ஹாட்னரைச் சேர்ப்பது. பெரும்பாலும் 100 கிராமுக்கு 2 முதல் 5 கிராம் வரை சேர்ப்பார்கள். போத்தலில் எழுதியிருக்கும் அளவே சரியான அளவு. விலை குறைவு. பழகுபவர்களின் சிறு பிழைகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் காலப்போக்கில் சற்றுச் சுருங்கும். சில வருடங்களில் நொய்ந்து கிழியும். மெழுகுவர்த்திக்கும் பிளாஸ்டர் ஒப் பாரிஸ் சிலைக்கும் இது போதும். உணவுப் பண்டத்துக்கு ஆகாது.

இரண்டாவது பிளாட்டினம் வகை. பெரும்பாலும் இரண்டு பாகமும் சமஅளவில் வரும். விலை கூட. சுருக்கம் மிகக் குறைவு. நீண்ட காலம் உழைக்கும். தோலில் படும் சவர்க்காரத்துக்கு இதுவே நல்லது. சொக்லேட், ஜெலி போன்றவற்றுக்கு, உணவுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கும் பிளாட்டினம் வகையை மட்டுமே வாங்க வேண்டும். மெழுகு வார்த்த அச்சில் பிறகு ஜெலி ஊற்றவே கூடாது.

கடினத்தையும் கேளுங்கள். அது 'ஷோர் ஏ' என்ற எண்ணால் குறிக்கப்படும். 10, 15 என்றால் மிக மிருது. சிறு வேலைகளுக்கு 20 முதல் 30 வரை பொருத்தம். 40 என்றால் விறைப்பு. நுணுக்கமான உருவத்தைக் கழற்றும்போது அதன் மூக்கும் விரலும் உடையலாம்.

ஹாட்வெயார் கடையில் குழாயில் விற்கும், வினாகிரி மணம் வீசும் சிலிக்கோன் வேறு பொருள். அது காற்றின் ஈரத்தால் வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுவது. தடிப்பாக ஊற்றினால் உள்ளே நாட்கணக்கில் பச்சையாகவே இருக்கும்.

கந்தகம் என்ற எதிரி

எங்கள் அச்சு ஏன் இறுகவில்லை? நாங்கள் வாங்கியது பிளாட்டினம் வகை. கந்தகம் பட்டால் அது இறுகாது. இறப்பர் கையுறையிலும் இறப்பர் பட்டியிலும் கந்தகம் உண்டு. சில வர்ணக் களிகளிலும் உண்டு. வெள்ளீய வகையைக் கலக்கிய கோப்பையும் குச்சியும் பட்டாலும் இதே கதிதான்.

ஆகவே வினைல் கையுறை அணியுங்கள். மாதிரி உருவத்தை மெழுகிலோ சவர்க்காரக் கட்டியிலோ செதுக்குங்கள். எதுவானாலும் முதலில் ஒரு கரண்டி அளவு கலந்து, மாதிரியின் அடிப்பக்கத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். ஒரு கரண்டி போனால் போகட்டும். ஒரு கிலோ போகக் கூடாது.

குமிழி வராமல் வார்க்க

1. மரம், பிளாஸ்டர் மாதிரிகளின் நுண்துளைகளில் உள்ள காற்றுதான் குமிழியாக வெளிவரும். வார்னிஷ் பூசி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு வாஸ்லினை மிக மெல்லியதாகத் தடவுங்கள்.

2. மாதிரியைப் பெட்டியில் வைத்து, அதற்கு மேல் ஒரு விரல் உயரம் வரை அரிசியை நிரப்புங்கள். அந்த அரிசியை அளவுக் கோப்பையில் அளந்தால் வேண்டிய கனவளவு தெரியும். 400 மில்லிலீற்றர் என்றால் ஏறக்குறைய 440 முதல் 480 கிராம் வரை தேவை. பிறகு அரிசித் தூசியைத் துடைத்துவிடுங்கள்.

3. ஹாட்னரைக் கண்மதிப்பில் ஊற்றாதீர்கள். சிறு தராசில் நிறுத்துச் சேருங்கள்.

4. கலவையைப் போல மூன்று நான்கு மடங்கு கொள்ளும் பாத்திரத்தில், தட்டையான குச்சியால், ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து மெதுவாக மூன்று நிமிடம் கலக்குங்கள். அடிக்கக் கூடாது. பிறகு வேறொரு சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றி மீண்டும் கலக்குங்கள்.

5. முதலில் சிறிதளவை எடுத்துத் தூரிகையால் மாதிரி முழுவதும், இடுக்குகளிலும் பூசுங்கள். முகத்தில் குமிழி விழாமல் காப்பது இந்தப் பூச்சுத்தான்.

6. மீதியைச் சுமார் ஓர் அடி உயரத்திலிருந்து, நூல் போல மெல்லிய தாரையாக, பெட்டியின் ஒரே மூலையில் ஊற்றுங்கள். மெல்லிய தாரையில் குமிழிகள் இழுபட்டு உடையும். கலவை தானாகப் பரவி உயரட்டும். மாதிரியின் தலையில் நேரே ஊற்றாதீர்கள்.

7. மேசையை அடியிலிருந்து மெதுவாகத் தட்டிக்கொண்டிருங்கள். மேலே வரும் குமிழியை ஊசியால் குத்திவிடுங்கள்.

தொழிற்சாலைகளில் வெற்றிடப் பம்பினால் இரண்டு மூன்று நிமிடத்தில் காற்றை எடுத்துவிடுவார்கள். அதைப் பார்த்து வீட்டு பிரஷர் குக்கரையும் பழைய குளிர்பெட்டிக் கம்பிரசரையும் இணைத்துப் பரிசோதனை செய்ய வேண்டாம், வெடித்தால் உயிராபத்து. சிறு வேலைக்கு மேற்சொன்ன ஏழும் போதும்.

மலைக் குளிரில்

போத்தலில் எழுதியிருக்கும் நேரம் 25 பாகை அளவான வெப்பத்துக்குரியது. நமது குளிரில் களி தடித்து, குமிழி மேலே வரச் சிரமப்படும், இறுகவும் தாமதமாகும். கலக்குவதற்கு முன் போத்தல்களை அடுப்படியின் இளஞ்சூட்டில், நெருப்புக்கு எட்டத்தில், சிறிது நேரம் வையுங்கள். ஒரு நாளில் இறுகாவிட்டால் இன்னொரு நாள் விடுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹாட்னரைக் கூட்டினால் அச்சு நொய்ந்து சீக்கிரம் கிழியும்.

ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

குமிழி விழுந்துவிட்டால்

அச்சின் உட்பக்கத்தில் ஒரு குழி இருந்தால், வார்க்கும் மெழுகுவர்த்தி ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் ஒரு மரு முளைக்கும். ஒன்றிரண்டு என்றால் அதே வகைச் சிலிக்கோனைச் சிறிது கலந்து குழியை அடைக்கலாம். சிலிக்கோனில் ஒட்டுவது சிலிக்கோன் மட்டுமே. அதனால் மாதிரியே சிலிக்கோனாக இருந்தால் வாஸ்லின் பூச மறக்கவேண்டாம்.

பொருளை வார்க்கும்போதும் இதே நிதானம் வேண்டும். பிளாஸ்டர் தூளைத் தண்ணீருக்குள் தூவுங்கள். தூளுக்குள் தண்ணீரை ஊற்றினால் காற்று அகப்படும். மெழுகையும் ஓரமாக மெல்ல ஊற்றி அச்சைத் தட்டிவிடுங்கள்.

எங்கள் இரண்டாவது அச்சுக்குச் சீட்டில் அடுத்த தவணை வரும்வரை காத்திருந்தோம். இம்முறை வெள்ளீய வகை. அரைக் கிலோ மட்டும். முதலில் ஒரு கரண்டிப் பரிசோதனை. அச்சைத் திறந்தபோது கொழுந்தின் நரம்புகூடத் தெளிவாக விழுந்திருந்தது. பதறாத காரியம் சிதறாது என்று ஆயா அடிக்கடி சொல்வார். அதன் பொருள் எங்களுக்கு அன்றுதான் விளங்கியது.