பதினாறாம் நாளுக்கு அப்புறம்

வீட்டுக்காரரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும்தான் எனக்குத் துக்கம் தொடங்கியது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வேலை. புடவை மடிக்கும்போது பார்டரும் விரலும்தான் மனதில் இருக்கும். வீட்டுக்கு வந்தால் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவேன். இப்படி மாறி மாறி இருப்பது தப்போ என்று பயந்தேன். தப்பே இல்லை. இழப்புக்குள் போவதும் அன்றாடத்துக்குத் திரும்புவதுமான இந்த ஊசலாட்டம்தான் துக்கத்தின் இயல்பு என்று 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

அழுகிறவரிடம் "அழாதே" என்று சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் செய்வதும் அதைத்தான்: காது கொடுத்துக் கேட்கிறார்கள். மாதக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லையென்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். உயிரே வேண்டாம் என்று தோன்றினால் உடனே டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள். நடுராத்திரியிலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.