ஊழியர்க்கு ஒரு செயலி

மின்சாரம், நீர், எரிபொருள் முதலியவற்றை வருங்காலத்தார்க்கும் எஞ்சுமாறு அளவறிந்து செலவிடுதலை அறிஞர் நிலைபேறு என்பர். அப்பணியில் தம் ஊழியரையும் ஈடுபடுத்த விரும்பிய நிறுவனங்கள் பல, இக்காலத்தே கைப்பேசிச் செயலிகளை வகுத்துத் தருகின்றன. நோக்கம் நன்றே. ஆயினும் அச்செயலிகளுட் பல, தொடக்கத்தில் ஆர்வத்தோடு திறக்கப்பட்டுச் சின்னாளில் மறக்கப்பட்டுக் கிடக்கின்றன. இதற்குக் காரணம் யாது, நல்லதொரு செயலியை எங்ஙனம் வகுத்தல் வேண்டும் என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்குக் கணிப்பொறியில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தலும் கூடும். செயலியை இயற்றுவது கணிப்பொறி வல்லார் தொழிலே. ஆனால் அதனுள்ளிருந்து மனிதனை நோக்கிப் பேசுவது சொல்லன்றோ?

செயலியைப் பற்றிப் பேசுமுன், செயலி எதுவுமின்றி நிகழ்ந்த ஒரு சோதனையைக் கூறுதல் வேண்டும். ஊழியரை ஈடுபடுத்துவது எது என்பதை அதனினும் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்று கண்டிலேம். இங்கிலாந்து நாட்டு விர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனத்தில், 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை, கிரியர் காஸ்னல், ஜான் லிஸ்ட், ராபர்ட் மெட்காஃப் என்னும் பொருளியலறிஞர் மூவர், 335 விமானத் தலைவர்களைக் கொண்டு அதனை நடத்தினர். எரிபொருட் செலவில் தலைவரது தீர்ப்புக்கு உட்பட்ட செயல்களுள் மூன்றை அவர்கள் தெரிந்தெடுத்தனர். புறப்படுமுன், ஏற்றப்பட்ட பாரத்தின் இறுதிக் கணக்கை நோக்கி எரிபொருளின் அளவைத் திருத்துதல் ஒன்று. வானிற் செல்லுங்கால் உயரத்தையும் வேகத்தையும் சிக்கனமாக அமைத்துக்கொள்ளுதல் மற்றொன்று. தரையிறங்கி நிலையத்தை நோக்கி ஊர்ந்து செல்லும்போது ஓர் எஞ்சினையாவது நிறுத்திவிடுதல் மூன்றாவது.

தலைவர்களை நான்கு குழுவாகப் பிரித்தனர். எரிபொருட் செலவு கணக்கிடப்படுகின்றது என்ற செய்தி மட்டும் முதற் குழுவினர்க்கு அறிவிக்கப்பட்டது. இரண்டாங் குழுவினர்க்கு, அவரவர் சென்ற திங்களில் இம்மூன்றையும் எத்துணை நன்றாகச் செய்தனர் என்பது கடித வாயிலாக வீட்டிற்கே அனுப்பப்பட்டது. மூன்றாங் குழுவினர்க்கு அக்கணக்கோடு இலக்கும் குறிக்கப்பட்டது. நான்காங் குழுவினர் எட்டிய ஒவ்வோர் இலக்கிற்கும் 10 பவுன் அவர் விரும்பிய அறநிலையத்திற்கு வழங்கப்பெறும் என்றனர். 40,000-க்கு மேற்பட்ட பயணங்கள் ஆராயப்பட்டன. கணக்கிடப்படுகின்றது என்று மட்டும் அறிந்த முதற் குழுவினரே தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டமை வியப்பாம். இலக்குப் பெற்றோர் இன்னும் மேற்சென்றனர். அறக்கொடையைச் சேர்த்ததனால் எரிபொருளிற் பெரிதாக வேறு பயன் விளையவில்லை. எனினும் அக்குழுவினர் தம் பணியில் மிக்க மனநிறைவு தெரிவித்தனர். இம்மாற்றங்களால் தவிர்க்கப்பட்ட கரியமிலவாயு ஏறக்குறைய 21,500 டன் என மதிப்பிட்டனர். இதன் பொருட்டு எவர்க்கும் ஊதியம் உயர்த்தப்பட்டிலது.

செயலி வகுப்போர் இதனை ஊன்றி நோக்கல் வேண்டும். தலைவர்க்குக் கூறப்பட்ட செயல்கள் அவர் கைக்குள் அடங்கியவை; அவற்றை அளந்தவை விமானத்தின் பதிவுகள்; கடிதம் கூறியது அவரவர் செயலைப் பற்றியே.

இனி, நம் நாட்டு எழுத்தர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2020 சனவரி முதல் நம் நாட்டில் அறைக் குளிர்சாதனப் பெட்டிகள் 24 பாகையில் இயங்குமாறு முன்னமைக்கப்பட்டே விற்கப்படுகின்றன. ஒரு பாகை உயர்த்தினால் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு மின்சாரம் மிஞ்சும் என்பது அரசின் ஆற்றற் சிக்கன அமைப்பினர் கூற்று. ஆனால் பேரலுவலகங்களிலோ குளிர்சாதனத்தின் விசை ஏதோ ஒரு பூட்டிய அறையில் இருக்கும். எழுத்தர் நடுங்கிக்கொண்டு கம்பளிச் சட்டை அணிந்திருப்பார். அவரை நோக்கிச் செயலி, “குளிரைக் குறைத்து உலகைக் காப்பீர்” என்று உபதேசித்தால் அவர் என் செய்வார்? கைப்பேசியை மூடி வைப்பார். ஆதலின் முதற்கண் வினவ வேண்டுவது, செயலிக்கு எத்துணை வண்ணம், எத்துணைப் பக்கம் என்பதன்று. எந்தத் தீர்ப்பு எவர் கையில் உள்ளது என்பதே. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமிலவாயு வெளிப்படும். நிற்கும் வண்டியின் எஞ்சினை அணைத்தல் ஓட்டுநர் கையில் உள்ளது. நீராவிக் குழாயின் கசிவை முதலிற் காண்பவர் கொதிகலனருகே நிற்கும் தொழிலாளியே. ஓட்டுநர்க்கு ஓட்டுநர் செயலும், கொதிகலனாளர்க்குக் கொதிகலன் செயலும் தோன்றல் வேண்டும். அதுவும் இரண்டு மூன்றிற்கு மேற்படலாகாது.

ஒருவரோடொருவரை ஒப்பிட்டுக் காட்டுதல் இச்செயலிகளின் பெருவழக்கு. இதில் ஓர் இடுக்கண் உண்டு. கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் என்னும் ஊரில் நடந்து 2007-இல் வெளிவந்த ஆய்வொன்றில், அண்டை வீட்டாரின் சராசரி மின்செலவு வீடுதோறும் தெரிவிக்கப்பட்டது. மிகுதியாகச் செலவிட்டோர் குறைத்துக்கொண்டனர். குறைவாகச் செலவிட்டோரோ, நாம் மட்டும் ஏன் ஒடுக்குதல் வேண்டும் என்று எண்ணினாற்போல மிகுத்துக்கொண்டனர்! சிக்கனமான வீட்டாரது சீட்டில் புன்னகை முகமொன்றை வரைந்தபோது இக்கேடு நீங்கிற்று. ஒரு சிறு கோட்டுச் சித்திரத்திற்கு இத்துணை ஆற்றலோ என்று வியக்கின்றோம்.

புள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். ‘விளக்கை அணைத்தேன்’ என்று தொட்டவுடன் பத்துப் புள்ளி தரும் செயலி, அணையாதவர்க்கும் அதனையே தரும். ஊழியர் இதனை ஒரு கிழமைக்குள் உணர்ந்துகொள்வர். பின்னர் மெய்யாக அணைப்பவர்க்கே நாணமுண்டாகும். சீனத்தில் அலிபே நிறுவனம் 2016 ஆகஸ்டில் தொடங்கிய ஆன்ட் ஃபாரஸ்ட் இக்குறையை வேறு வகையால் நீக்கிற்று. நடந்த அடிகளும், பேருந்தில் சென்றமையும், தாளின்றிக் கட்டணஞ் செலுத்தியமையும் பதிவுகளிலிருந்தே எடுக்கப்பட்டன; போதிய அளவு சேர்ந்ததும் வறண்ட நிலத்தில் உண்மையாகவே ஒரு மரம் நடப்பட்டது. 2019-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருதை அது பெற்றபோது, 50 கோடி மக்கள் சேர்ந்திருந்தனர்; 12 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் நடப்பட்டிருந்தன. ஆயின், மக்களின் நடையையும் செலவையும் அறிந்திருந்தமையாலன்றோ அந்நிறுவனத்திற்கு இஃது இயன்றது? அதே அறிவு, ஊதியம் தரும் முதலாளியின் கையில் இருப்பின் என்னாகும்?

இவ்விடத்தேதான் எமக்குப் பெரிதும் அச்சம் தோன்றுகின்றது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியை விளக்குவோர், ஊழியர் முதலாளிக்குத் தரும் இசைவைப் பெரும்பாலும் மனமொப்பிய இசைவாகக் கொள்ளுதல் இயலாது என்பர். ஊதியம் தருவோன் கேட்குமிடத்து ‘வேண்டா’ என்று சொல்ல எவர்க்குத் துணிவு வரும்? அற்றேல், கணக்கிடப்படுதலாலேயே விமானத் தலைவர் திருந்தினரே, கண்காணித்தலே அமையாதோ எனின், அமையாது. அங்குக் கணக்கு வேலையை அளந்தது, ஆளைப் பின்தொடரவில்லை. கடிதம் அவர் வீட்டிற்குச் சென்றது. அறிவிப்புப் பலகையில் தொங்கவிடப்படவில்லை. எனவே, செயலி ஊழியர் எங்கு இருக்கிறார் என்று கேளாதிருக்க; தனியொருவர் கணக்கு அவர்க்கு மட்டுமே தோன்றுக; மேலாளர்க்குக் குழுவின் மொத்தமே தெரிக. குழு மிகச் சிறிதாயின் அம்மொத்தமும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் ஆகலின், பத்துப் பேர்க்குக் குறைந்த குழுவின் கணக்கை மறைத்தல் நன்று. செயலியைத் தொடாதவர்க்கு அதனால் ஒரு குறையும் வாராதென்பதை எழுத்தில் தருதலும் வேண்டும்.

தொழிற்சாலைகள் பலவற்றில் வேலை நேரத்திற் கைப்பேசிக்கு இடமில்லை. அங்கெல்லாம் வாயிலில் ஒரு பொதுத் திரை வைத்தல் கூடும். செயலி மலிந்த கைப்பேசியிலும் ஓடுவதாகவும், இணைப்பு அறுந்தவிடத்துக் குறித்ததைச் சேமித்துப் பின்னர் அனுப்புவதாகவும் இருத்தல் வேண்டும். தமிழும் இந்தியும் ஒடியாவும் ஒரே கூரையின்கீழ் ஒலிக்கும் ஆலையில், ஆங்கிலம் மட்டும் பேசும் செயலி மேலாளரோடு பேசுவதேயாகும். மொழிபெயர்ப்பிலும் கருத்து வேண்டும். ‘உமிழ்வுக் குறைப்புப் பங்களிப்பு’ என்று எழுதினால் எம் போன்ற தமிழ் மாணாக்கரே தடுமாறுவோம். ‘இன்று கொதிகலனில் 40 கிலோ விறகு மிச்சம்’ என்றால் கல்லாதவர்க்கும் பொருள் விளங்கும். அதனைக் குரலாகவும் ஒலிக்கச் செய்யலாம்.

இவையெல்லாம் இயற்றத் தொடங்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் தாளில் வரைந்து, ஊழியர் ஐவரிடம் கொடுத்து, எதனைத் தொடுவீர் என்று வினவி, வாய் திறவாது பார்த்திருத்தல் வேண்டும். தாளைக் கிழித்தெறிதல் எளிது. பல திங்கள் உழைத்து இயற்றிய செயலியைக் கிழிப்பதற்கு எவர்க்கும் மனம் வாராது.

இறுதியாக, ஊழியர் மேலிடத்திற்கு எழுதும் பக்கமொன்று செயலியில் இருத்தல் இன்றியமையாதது. பழங் கொதிகலனை மாற்றுதல், கூரையில் சூரியத் தகடு பதித்தல், குளிர்சாதன அறையைத் திறந்துவிடுதல் ஆகியவை ஊழியர் கையில் இல்லை. அவர் உரைக்க மட்டுமே கூடும். உரைத்தவற்றின் எதிரே, எவர் எந்நாளுக்குள் விடை தருவர் என்பது யாவர்க்கும் தெரியுமாறு குறிக்கப்படுக. அந்நாள் கடந்தால், ஊழியர் கணக்கைப் போலவே மேலாளர் கணக்கிலும் அத்தாமதம் தோன்றுக.