கட்டணத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை

உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்த மறுவாரமே கல்முனை முதல் வினாயகபுரம் வரையுள்ள கரையோரப் பாதையில் தனியார் உயர்கல்வி நிறுவனங்களின் விளம்பரப் பதாகைகள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானோருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. வெட்டுப்புள்ளியில் தவறிய பிள்ளையை வைத்துக்கொண்டு கவலைப்படும் வாப்பாவுக்கு அந்தப் பதாகை ஓர் ஆறுதலாகத் தெரிவது இயல்புதான்.

தனியார் கல்வி கூடாது என்பது என் வாதமல்ல. நல்ல நிறுவனங்களில் படித்து நல்ல நிலையில் இருப்பவர்கள் நம்மிடையே உள்ளனர். ஆனால் நம் பெற்றோர் முதலில் கேட்பது "கட்டணம் எவ்வளவு?" என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதலாவது, பட்டத்தை வழங்குவது யார்? உள்நாட்டு நிறுவனமாயின், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் பட்டம் வழங்கும் தகுதி அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு உண்டா எனப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டமாயின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என விசாரிக்க வேண்டும். தொழிற்கல்விச் சான்றிதழாயின், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவைக் கேட்க வேண்டும். மாலபே தனியார் மருத்துவக் கல்லூரியின் கதையை நாம் மறக்கக் கூடாது. பெருந்தொகை செலுத்திப் படித்த மாணவர்கள், வைத்தியராகப் பதிவு பெறுவதற்கு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 2018 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை அவர்கள் இழந்த ஆண்டுகளை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இரண்டாவது, மாதத் தவணை எவ்வளவு? ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். 12 இலட்சம் ரூபா கடனை ஏழு ஆண்டுகளில் வட்டியின்றிச் செலுத்தினால் மாதம் ஏறத்தாழ 14,300 ரூபா. அதே தொகையை 14 வீத வட்டிக்கு எடுத்தால் மாதம் ஏறத்தாழ 22,500 ரூபா. மொத்தம் 18 இலட்சத்து 90 ஆயிரம். முதல் வேலையில் 60,000 ரூபா கிடைத்தாலும், கொழும்பில் தங்குமிடமும் சாப்பாடும் போக அந்தத் தவணை எங்கிருந்து வரும்? 2020 இல் அரசாங்கம் பட்டதாரிப் பயிலுநர்களுக்குக் கொடுத்த மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா மட்டுமே. பட்டத்துக்கு எவ்வளவு செலவானது என்று சம்பளம் கொடுப்பவர் கேட்பதில்லை.

வட்டி நமக்கு வெறும் கணக்கு விடயமல்ல, மார்க்க விடயமும்கூட. 2017 இல் ஆரம்பமான அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தில் மாணவர் அசலை மட்டுமே திருப்பிச் செலுத்துகிறார். ஆனால் அது தெரிவுசெய்யப்பட்ட நிறுவனங்களின் குறிப்பிட்ட பாடநெறிகளுக்கு மட்டும்தான். விண்ணப்ப அறிவித்தலைக் கவனமாக வாசியுங்கள். சந்தேகமிருப்பின் உலமாக்களிடம் கேளுங்கள். கையெழுத்திட்ட பிறகு கேட்பதில் பயனில்லை.

மூன்றாவது, செலவில்லாத வழி அருகில் இருக்கிறதா? சம்மாந்துறையிலும் அம்பாறையிலும் உள்ள உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களில் முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவைக் கட்டணமின்றிப் படிக்கலாம். அட்டாளைச்சேனையில் தேசிய கல்விக் கல்லூரி இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உள்வாரியாக இடம் கிடைக்காதவர்கள் அதன் வெளிவாரிப் பட்டங்களைப் பற்றி விசாரிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். இவற்றுக்குப் பதாகை கட்டுவார் யாருமில்லை என்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

நம் பகுதியில் கடன் பிள்ளையோடு நிற்பதில்லை. மகனின் படிப்புக்காக வயல் காணி விற்கப்படுகிறது, உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது, தங்கைக்குக் கட்டிய வீடு தூண் மட்டத்தோடு நின்றுவிடுகிறது. அந்த வீடு முடியாமல் அவளது திருமணமும் தள்ளிப்போகிறது. ஆகவே இந்தத் தீர்மானத்தை மகனும் வாப்பாவும் மட்டும் எடுக்காமல், குடும்பமே உட்கார்ந்து எடுக்க வேண்டும்.

பள்ளிவாசல் நிருவாகங்களும் ஸக்காத் குழுக்களும் பெறுபேறு வந்த வாரத்திலேயே ஒரு வழிகாட்டல் அமர்வை நடத்தலாம். பதிவைச் சரிபார்க்கவும் தவணையைக் கணக்கிடவும் தெரிந்த ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தகுதியான பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன் நிதியொன்றை உருவாக்குவது அடுத்த படி. மாலை போட்டுப் பாராட்டுவதற்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கினால், காணி விற்கும் நிலை சில வீடுகளுக்காவது வராமல் இருக்கும்.