உணவுக்குழாயில் கட்டி என்றாலே புற்றுநோயா? மார்பைத் திறக்காமல் வாய் வழியாக அகற்றும் எண்டோஸ்கோபி சிகிச்சை

ஹைதராபாத்: உணவை விழுங்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ தடுப்பது போன்ற உணர்வு. பரிசோதனையில் உணவுக்குழாயில் கட்டி இருப்பது தெரிந்ததும், அது புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சமே முதலில் எழும். ஆனால், அரிதாகச் சிலருக்குத் தோன்றும் இத்தகைய கட்டி தீங்கற்றதாகவும் இருக்கலாம். அவற்றில் பலவற்றை இன்று மார்பைத் திறக்காமல் வாய் வழியாகவே அகற்ற முடிகிறது. அதற்குக் கட்டி எந்த அடுக்கில் உருவாகியுள்ளது என்பதை முதலில் சரியாகக் கண்டறிவது அவசியம்.

தீங்கற்ற கட்டிகள் எவை?

தொண்டையிலிருந்து இரைப்பை வரை சுமார் 25 செ.மீ. நீளம் கொண்டது உணவுக்குழாய். அதில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளில் அதிகம் காணப்படுவது, தசை அடுக்கில் மெதுவாக வளரும் 'லியோமயோமா'. இது பெரும்பாலும் உணவுக்குழாயின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் உருவாகிறது. சிறியதாக இருக்கும்வரை பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. வேறு காரணத்துக்காகச் செய்யப்படும் எண்டோஸ்கோபி அல்லது சி.டி. ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு.

பாப்பிலோமா, கிரானுலர் செல் கட்டி, நார்நாளப் பாலிப் ஆகியவை பிற வகைகள். நீண்ட காம்புடன் தொங்கும் நார்நாளப் பாலிப் மிக அரிதானது. இருமும்போதோ வாந்தியின்போதோ அது தொண்டைக்கு மேலேறி மூச்சுக்குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அவசர பயாப்சி ஏன் கூடாது?

எண்டோஸ்கோபியில் லியோமயோமா, இயல்பான உள்சவ்வுக்குக் கீழே வழுவழுப்பான மேடாகத் தெரியும். பாய்க்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் போன்றது இது. மேற்பரப்பில் திசு எடுத்தால் பெரும்பாலும் பாய்தான் கிடைக்கும், கல் கிடைக்காது. மேலும், அவ்விடத்தில் உருவாகும் தழும்பு உள்சவ்வையும் கட்டியையும் ஒட்ட வைத்து, பின்னர் கட்டியைப் பிரிப்பதைக் கடினமாக்கிவிடும்.

எனவே, இத்தகைய மேடு தென்பட்டால் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்யப்படுகிறது. குழாயின் நுனியில் உள்ள ஒலி அலைக் கருவி, உணவுக்குழாயின் சுவரை அடுக்கடுக்காகக் காட்டும். கட்டி எந்த அடுக்கில் உள்ளது, அதன் அளவு என்ன, ரத்தக் குழாய்கள் உள்ளனவா என்பது இதில் தெரியும். இருப்பினும், அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பிறகே கட்டியின் தன்மை உறுதி செய்யப்படும்.

சுரங்கப்பாதை முறை

மேல் அடுக்கில் உள்ள சிறிய கட்டிகளை, அடியில் திரவம் செலுத்தி உயர்த்தி, கம்பி வளையத்தாலோ மின்கத்தியாலோ அகற்றலாம். ஆனால், ஆழமான தசை அடுக்கில் உள்ள கட்டியை நேராக வெட்டினால் சுவரில் துளை விழும். அதன் வழியே உணவும் உமிழ்நீரும் மார்புக்குள் கசிந்தால் கடுமையான தொற்று ஏற்படும்.

இதற்குத் தீர்வாக வந்ததே சுரங்கப்பாதை முறை. மயக்க மருந்து கொடுத்த பின், கட்டிக்குச் சில சென்டிமீட்டர் மேலே உள்சவ்வில் சிறு கீறல் இடப்படுகிறது. சவ்வுக்கும் தசைக்கும் இடையே பாதை அமைத்து, கட்டி தசையிலிருந்து பிரிக்கப்பட்டு வாய் வழியே வெளியே எடுக்கப்படுகிறது. இறுதியில் கீறல் கிளிப்புகளால் மூடப்படும். கீறல் ஓரிடத்திலும் கட்டி இருந்த இடம் வேறிடத்திலும் இருப்பதால், அவ்விடத்தின் மேல் உள்ள சவ்வு சிதையாமல் காப்பாகிறது.

அகலேசியா எனும் விழுங்கல் கோளாறுக்காக ஜப்பான் மருத்துவர் ஹாருஹிரோ இனோவே 2008-ல் மேற்கொண்ட 'போயம்' சிகிச்சையே இதற்கு அடித்தளம். பின்னர் சீனாவின் ஷாங்காய் மருத்துவர்கள் அதைக் கட்டி அகற்றவும் பயன்படுத்தினர்.

ஹைதராபாத்தின் பங்கு

இந்தியாவில் 'போயம்' சிகிச்சையை அதிக அளவில் மேற்கொண்ட மையங்களில் ஒன்று ஹைதராபாத்தில் உள்ள ஏ.ஐ.ஜி. மருத்துவமனை. இதை நிறுவிய டாக்டர் டி.நாகேஸ்வர் ரெட்டிக்கு 2025-ல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அவரும் டாக்டர் ஜி.வி.ராவும், வயிற்றில் வெளிக்கீறல் இன்றி வாய் வழியாகக் குடல்வாலை அகற்றியதன் மூலம் 2000-களின் தொடக்கத்திலேயே உலகக் கவனம் பெற்றவர்கள்.

அனைவருக்கும் அவசியமா?

அறிகுறி இல்லாத சிறிய லியோமயோமாவை அகற்றாமல், குறிப்பிட்ட கால இடைவெளியில் கண்காணித்தாலே பெரும்பாலும் போதுமானது. விழுங்குவதில் சிரமம், வளர்ச்சி, சந்தேகத்துக்குரிய தோற்றம் ஆகியவை இருந்தால் அகற்றுவது பரிசீலிக்கப்படும். சுரங்கப்பாதைக்குள் அடங்காத பெரிய கட்டிகளுக்கு மார்பு வழி அறுவை சிகிச்சை தேவைப்படலாம். எண்டோஸ்கோபி முறையிலும் ரத்தக்கசிவு, தோலுக்கடியில் அல்லது மார்புக்குள் காற்று சேர்தல், துளை விழுதல் போன்ற சிக்கல்கள் நேரலாம் என்பதால், பயிற்சி பெற்ற குழுவும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள மையத்தில் செய்வதே பாதுகாப்பானது.

கட்டி என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. அதே நேரத்தில் அறிகுறிகளை அலட்சியப்படுத்தவும் கூடாது. விழுங்குவதில் சிரமம் நீடித்தால், குறிப்பாக எடை குறைதலோ ரத்த வாந்தியோ சேர்ந்திருந்தால், தாமதமின்றி இரைப்பை - குடல் நல மருத்துவரை அணுக வேண்டும்.