திருகு பம்பைத் திறக்கும்போது ஃபியூஸ் கட்டை உங்கள் பையில் இருக்கட்டும்

பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர் பக்கம் மாடு வளர்ப்பவர்கள் சாண எரிவாயுக் கலனில் இருந்து வரும் குழம்பை வயலுக்கு ஏற்ற நினைத்தால், மோனோபிளாக் பம்பு சரிப்படாது. வைக்கோல் நார் சிக்கி அடைத்துக்கொள்ளும். கெட்டியான குழம்புக்கு ஏற்றது திருகு பம்பு. கடைகளில் ஸ்க்ரூ பம்பு, மோனோ பம்பு என்பார்கள். 1930-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கியவர் ரெனே மொய்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தப் பெயர் வாயில் எளிதாக நுழையும்.

ரப்பர் உறைக்குள் எஃகுத் திருகு ஒன்று உரசியபடி சுழன்று, குழம்பை அறை அறையாக முன்னே தள்ளுகிறது. உறையின் பெயர் ஸ்டேட்டர், திருகு ரோட்டார். குழம்புதான் இரண்டுக்கும் நடுவே எண்ணெய் மாதிரி. அது இல்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே ரப்பர் கருகிவிடும். எனவே முதல் முறை ஓட்டும்போது பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள்.

மோனோபிளாக் பழக்கத்தில் டெலிவரி வால்வை மூடிவைத்து சுவிட்சைப் போடுபவர்கள் உண்டு. இந்தப் பம்பில் அது ஆபத்து. போக வழி இல்லாவிட்டாலும் திருகு தள்ளிக்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏறி ஹோஸ் வெடிக்கும், அல்லது ரப்பர் கிழியும். வால்வு முழுதும் திறந்திருப்பதைப் பார்த்த பிறகே ஓட்டுங்கள். அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

பழுது பார்க்கும்போது கைவிரல் போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அடைப்பை எடுக்கக் கையை விடுகிறோம். ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால், கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகக் கிளம்பிவிடும். செல்போன் ஸ்டார்ட்டரென்றால் வீட்டில் இருக்கும் பையன் தெரியாமல் அழுத்திவிடலாம். சூரியசக்தி பம்பாக இருந்தால் மேகம் விலகினாலே போதும். ஆகவே மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டார்ட்டரை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், மோட்டார் அசையக்கூடாது. இத்தோடு முடியவில்லை. மேட்டு வயலுக்கு ஏறிய பைப்பில் நிற்கும் குழம்பு, திருகைப் பின்னோக்கிச் சுழற்றக்கூடியது. அதை வடித்துவிட்ட பிறகே போல்ட்டைத் தளர்த்துங்கள்.

உறிஞ்சு குழாயின் நுனி அடைத்திருந்தால் குழிக்குள் இறங்காதீர்கள். குழாயை மேலே இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். சாணக்குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குபவரும் விழுவார்.

கம்பத்தில் மின்துறையினர் வேலை பார்த்துவிட்டுப் போன பிறகு, மோட்டார் சுழலும் திசையை அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். பேஸ் மாறியிருந்தால் பம்பு பின்னோக்கித் தள்ளும். கிளாண்டில் சொட்டுச் சொட்டாகக் கசிவது இயல்பு. அதை அடைக்க ஒரேயடியாக இறுக்கினால் தண்டு சூடாகித் தேயும்.

புது ஸ்டேட்டரை மாட்டும்போது கிரீஸ் தடவாதீர்கள், சில வகை ரப்பர் ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் பம்பு நிற்குமென்றால், நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். வாரம் ஒருமுறை, ஃபியூஸ் கட்டையைக் கழற்றிவிட்டு, தண்டைக் கையால் சில சுற்று சுற்றிவையுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும்.