ஆடி ஆவணியில் இலங்கை

இலங்கைக்கு உல்லாசப் பிரயாணம் போக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் விடுதியிலிருந்துதான் தங்கள் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். எந்த அறையின் ஜன்னலிலிருந்து கடல் தெரியும், எந்த நீச்சல் குளம் பாறையின் விளிம்பில் அமைந்திருக்கிறது என்றெல்லாம் படங்களைப் பார்த்து நிச்சயித்துக்கொண்டு, புராதன நகரங்களையும் யானைக் காடுகளையும் அதற்கு முன்னும் பின்னும் பொருத்திக்கொள்ளலாம் என்று நம்புகிறார்கள். நீளவாட்டில் 435 கிலோமீட்டரும் அகலவாட்டில் 225 கிலோமீட்டருமே உள்ள ஒரு தீவில் எதை எப்போது பார்த்தால்தான் என்ன என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அந்தச் சிறிய நிலப்பரப்பை ஆண்டுதோறும் இரண்டு பருவக்காற்றுகள் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து ஆட்கொள்கின்றன. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையில் தென்மேற்குக் காற்று கொழும்பு, காலி, மாத்தறைக் கரைகளில் மழையையும் கொந்தளிப்பையும் கொண்டுவந்து சேர்க்கிறது. நடுவே நிற்கும் மலைத்தொடர் அந்த மழையைத் தடுத்து நிறுத்திவிடுவதால், அதே நாட்களில் திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் கடல் அலையடங்கி, அடித்தளத்து மணல் தெரியும் அளவுக்குத் தெளிந்து கிடக்கிறது. மார்கழியிலும் தையிலும் நிலைமை அப்படியே தலைகீழாகிவிடும். ஆகையால் முதலில் தீர்மானிக்க வேண்டியது மாதம். அதன் பிறகு தீவின் எந்தப் பாதி என்பது. விடுதி மூன்றாவதாகத்தான் வர வேண்டும்.

ஆடிப் பிற்பகுதியும் ஆவணியுமே இந்தப் பிரயாணத்துக்கு உத்தமமான காலம் என்பதும், அந்த நாட்களில் தென்கரையை முற்றாக மறந்துவிட்டு, தீவின் வடமத்திய சமவெளியிலும் கிழக்குக் கரையிலும் மட்டுமே தங்கிவிட வேண்டும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம். எட்டு நாளில் தீவை முழுவதும் சுற்றி வந்துவிடலாம் என்று பிரயாண ஏற்பாட்டாளர்கள் கொடுக்கும் அட்டவணையை ஒருமுறை கூர்ந்து பார்த்தால், பகற்பொழுதில் பாதிக்கு மேல் காரிலேயே கழிந்துவிடுவது தெரியும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சிகிரியாப் பக்கம் போய்ச் சேரவே நான்கு மணி நேரம் ஆகிறது. மிகுந்த பொருள் செலவிட்டுப் போகிறவர் அந்தச் செலவால் பெறக்கூடிய மிகப் பெரிய சௌகரியம், நான்கு இரவுகள் ஒரே இடத்தில் தங்கி, காலை ஒரு காரியம், மாலை ஒரு காரியம் என்று நிதானமாக இருப்பதுதான்.

அந்தச் சமவெளிக்கு மழை என்பது ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டுமே கிடைக்கும் செல்வம். அதைத் தேக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்ததனால்தான் அங்கே இராஜதானிகள் எழுந்தன. தேக்கத் தவறிய காலங்களில் அவை காடாகிப்போயின. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் சிகிரியாக் குன்றின் உச்சியில் அரண்மனை எழுப்பிய வரலாற்றை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். ஏறத்தாழ 1,200 படிகள் ஏறப்போகும் அவசரத்தில் பலரும் கவனியாமல் கடந்துவிடுவது, அடிவாரத்தில் உள்ள நீர்ப் பூங்காவை. பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன் அமைத்த அதன் நீரூற்றுகளில் சில, மழைக்காலத்தில் இன்றும் தாமாகவே பொங்குகின்றன. படியேறும் வழியில் கண்ணாடிச் சுவர் என்று வழங்கும் மெருகேற்றிய மதிலில், முற்காலத்து யாத்திரிகர்கள் மேலே தீட்டப்பட்டிருக்கும் பெண்களின் ஓவியங்களைக் கண்டு பாடிய செய்யுள்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். தொல்லியல் அறிஞர் பரணவிதான அவற்றுள் 685 செய்யுள்களைப் படித்தறிந்து 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். காலையில் கதவு திறக்கும் வேளையிலேயே ஏறத் தொடங்கினால்தான், பின்னால் வருகிறவர்கள் நெருக்காமல், அந்தச் சுவரருகே சற்று நிற்க முடியும்.

பொலன்னறுவைக்கு ஒரு முழு நாள் வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு அது அன்னிய நகரம் அன்று. பதினோராம் நூற்றாண்டில் சோழர்கள் அதனைத் தங்கள் ஆட்சியின் தலைநகராக்கிச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்டார்கள். 1070ஆம் ஆண்டில் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றும் வரையில் அந்த ஆட்சி நடந்தது. இராசேந்திரனின் தாயான வானவன்மாதேவியின் பெயரால் அவர்கள் எழுப்பிய சிறிய கற்றளி, தஞ்சையிலிருந்து யாரோ பெயர்த்துக் கொணர்ந்து வைத்தாற்போல இன்றும் பழுதின்றி அங்கே நிற்கிறது. அந்நகரத்துச் சிவாலயங்களின் இடிபாடுகளிலிருந்து 1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்த நடராஜரும் நாயன்மார்களும் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். ஊர் திரும்பும் நாளில் இரண்டு மணி நேரத்தை அவர்களுக்கென ஒதுக்கி வைப்பது நன்று.

ஆயினும் பொலன்னறுவையின் சிகரம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் மகா பராக்கிரமபாகு செதுக்குவித்த கல் விகாரையே. ஒரே கருங்கற் பாறையில் நான்கு உருவங்கள். அவற்றுள் 14 மீட்டர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தரின் அருகே சென்று, தலைக்கு அணையாக வைத்திருக்கும் கல் தலையணையைப் பார்க்க வேண்டும். தலையின் பாரத்தால் பஞ்சு அமுங்கினால் எப்படிக் குழியுமோ அப்படி அந்தக் கல் மெல்லக் குழிந்திருக்கிறது. பிறகு பாதங்களின் பக்கம் வந்து நோக்கினால், மேலிருக்கும் பாதம் கீழிருக்கும் பாதத்தோடு ஒட்டி நில்லாமல் இம்மியளவு பின்வாங்கியிருப்பது தெரியும். இது உறக்கமன்று, பரிநிர்வாணம் என்பதற்குச் சிற்பி வைத்த அடையாளம் அதுதான். பாறையின் இயற்கையான வரிகள் முகத்தின்மீதும் மார்பின்மீதும் அலையலையாக ஓடுகின்றன. மாலை வெயில் சாய்ந்து விழும் வேளையில் போவது உத்தமம். பாதரட்சைகளையும் தொப்பியையும் வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாகையால், நடுப்பகலில் போகிறவர்களுக்குக் கால் கொப்புளித்துவிடும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திக்கொள்வதும், புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுத்துக்கொள்ளாதிருப்பதும் அங்கே எல்லோரும் எதிர்பார்க்கும் மரியாதைகள்.

இந்த அரசர்கள் வெட்டிய குளங்களே இன்று யானைகளின் வாழ்வாதாரமாக இருக்கின்றன என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மகாசேன மன்னன் மின்னேரியாக் குளத்தைக் கட்டினான். நெற்பயிருக்காகக் கட்டிய அந்தக் குளம் ஆடி ஆவணியில் வற்றத் தொடங்குகையில், பின்வாங்கும் நீரின் விளிம்பில் பசும்புல் முளைக்கிறது. சுற்றுவட்டாரத்துக் காடுகள் காய்ந்து கிடக்கும் அந்த நாட்களில், நீரையும் புல்லையும் நாடி யானைக் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே இறங்குகின்றன. நல்ல ஆண்டுகளில் இருநூறு, முந்நூறு யானைகளை ஒரே மாலையில் ஒரே வெளியில் காணலாம். கலாசாரம் ஒரு நாள், வனவிலங்கு மறுநாள் என்று அட்டவணையில் பிரித்து எழுதுகிறார்களே, அவை இரண்டும் மின்னேரியாவில் ஒரே காட்சியாக நிற்கின்றன. அரசனும் அங்கே மறக்கப்படவில்லை. மின்னேரியாத் தெய்வமாக இன்றும் வழிபடப்படுகிறான்.

அங்கே போகிறவர்கள் எண்ணிக்கையைக் கணக்கிடுவதை விட்டு, ஒரே ஒரு யானையைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முன்னங்கால் நகத்தால் புல்லின் வேரைத் தட்டித் தளர்த்தி, துதிக்கையால் சுருட்டி ஒரு பிடியாக்கி, வாயில் போடுவதற்கு முன் அதைத் தன் காலிலோ மார்பிலோ இரண்டு மூன்று தடவை அடித்து மண்ணை உதறிக்கொள்கிறது. தாயின் அடிவயிற்று நிழலில் நிற்கும் குட்டி, அதே வித்தையைச் செய்ய முயன்று, புல்லை நழுவவிட்டு, மறுபடியும் குனிகிறது.

இந்த அதிசயத்துக்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. மொரகஹகந்த நீர்த்தேக்கம் செயற்படத் தொடங்கிய பிறகு, கோடையிலும் மின்னேரியாவுக்குள் நீர் வந்து சேர்ந்து, புல்வெளி முளைக்க வேண்டிய இடம் மூழ்கிப்போன ஆண்டுகள் உண்டு. உழவனுக்கு நீர் வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் புல்லில்லாத யானை மெலிந்து வயலுக்குள் இறங்கினால் அதனால் உயிரிழப்பவனும் அதே உழவன்தான். எந்தக் குளத்தில் எவ்வளவு நீரை எப்போது நிறுத்துவது என்பதை இரு சாராரையும் மனத்தில் கொண்டு முடிவு செய்வது அரசாங்கத்தின் கடமை. பிரயாணி செய்யக்கூடியது, அன்றைக்கு யானைகள் மின்னேரியாவில் நிற்கின்றனவா, கவுடுல்லவில் நிற்கின்றனவா, ஹுருலு காட்டில் நிற்கின்றனவா என்பதை ஹபரணையில் ஜீப் ஓட்டுகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டு போவது. கூட்டத்தைச் சுற்றி வளைத்து வழிமறிக்கும் ஓட்டுநரை அவ்வாறு செய்ய வேண்டாம் என்று தடுப்பது. யானைமேல் ஏறிச் சவாரி செய்ய அழைக்கிறவர்களுக்கு மறுப்புச் சொல்லிவிடுவது.

தங்குமிடத்தில் பணம் செலவிட விரும்புகிறவர்களுக்கு, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கந்தளம விடுதியைச் சொல்வேன். சிகிரியாவின் அடிவாரத்தில் விடுதி கட்ட மனமில்லாமல், கந்தளமக் குளத்துக்கு எதிரே உள்ள மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்து, பாறையைத் தகர்க்காமல் அதன்மேல் நீளவாட்டில் சாய்ந்தாற்போலக் கட்டடத்தை அமைத்தார் அவர். நடைகூடங்களில் இயற்கைப் பாறை அப்படியே நிற்கிறது. முகப்பைக் கொடிகள் மூடிவிட்டன. குரங்குகள் தாழ்வாரத்துக்கு வருகின்றன. விலை உயர்ந்த அறைகள் அந்தப் பிரதேசத்தில் வேறெங்கும் கிடைக்கும். அந்தக் குளத்தங்கரையை அவ்வளவு மரியாதையோடு அணுகிய கட்டடம் இன்னொன்று இல்லை. எந்த விடுதியானாலும், முன்பதிவு செய்யும்போதே ஓட்டுநருக்கு நல்ல படுக்கையும் உணவும் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். நாள் முழுவதும் நம் உயிரைக் கையில் வைத்திருப்பவர் அவர்.

மலைநாட்டையும் பார்க்காமல் இருக்க முடியாது என்பவர்கள் கண்டியோடு நின்றுகொள்ளலாம். அட்டன் பக்கம் ஆடியில் மழை விடாது. அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த பங்களாக்களைச் சீர்படுத்தி, சமையற்காரரும் பணியாட்களுமாக, இன்று உயர்தர விடுதிகளாக நடத்துகிறார்கள். அங்கே தங்குகிற தமிழர் எவரும், சற்றுக் கீழே இறங்கி, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளின் பக்கம் நடந்து வராமல் திரும்பக் கூடாது. கோப்பித் தோட்டங்களுக்காக 1820களிலிருந்து நம் ஊர்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியிலேயே பலரைப் பறிகொடுத்துப் போய்ச் சேர்ந்தவர்களின் சந்ததியார் அவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து பல பத்தாண்டுகள் நாடற்றவர்களாய் நின்றவர்கள். காலையில் பங்களா வராந்தாவுக்கு வரும் தேநீரின் கொழுந்தைக் கிள்ளிய கை அவர்களுடையது.

சமவெளியில் நான்கு நாள் கழித்த பின், ஹபரணையிலிருந்து திருகோணமலைக்குப் பகலிலேயே புறப்பட்டுவிட வேண்டும். இருட்டிய பிறகு அந்தச் சாலையை யானைகள் குறுக்கே கடக்கும். வழியில் கன்னியாவின் வெந்நீர் ஊற்றுக் கிணறுகள் ஏழும் இருக்கின்றன. ஊரை அடைந்ததும் கோணேசர் கோயில். சம்பந்தர் பாடிய அந்த ஸ்தலத்தை 1622ஆம் ஆண்டில் போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளினார்கள். அதன் எச்சங்களை 1956ஆம் ஆண்டில் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவருடைய தோழரும் கடலில் மூழ்கிக் கண்டார்கள். கோயில் நிற்கும் சுவாமி மலையின் செங்குத்தான விளிம்பில் நின்று கீழே நோக்கும்போது, அந்த நீலம் கரையை ஒட்டியே எவ்வளவு கருத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகே வருவதால்தான் உலகத்திலேயே மிகப் பெரிய பிராணியான நீலத் திமிங்கிலம் இந்தக் கரையோரம் வருகிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரையில் படகில் போய் அதைக் காணலாம். திமிங்கிலத்தை மறித்து ஓட்டாமல், தள்ளி நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிடும் படகோட்டியைத் தேடிப் போக வேண்டும்.

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ நான்கு நாட்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். எதிரே உள்ள புறாத் தீவு 2003ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்கா. முகமூடி அணிந்து மிதந்தாலே பவளப் பாறைகளும் சிறிய சுறாக்களும் கண்ணுக்குப் புலப்படும். பவளத்தின்மேல் ஒரு தடவை கால் ஊன்றினாலும் அது வளர்ந்த பல ஆண்டுகள் போயின. நீந்தத் தெரியாதவர்கள் மிதவைச் சட்டை அணிந்துகொண்டே இறங்குவது நல்லது.

இனி முன்பதிவைப் பற்றி. ஆவணிப் பௌர்ணமியை ஒட்டிக் கண்டியில் எசல பெரஹரா என்னும் ஊர்வலத் திருவிழா நடக்கிறது. ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறி, ஆவணி அமாவாசைத் தீர்த்தம் வரையில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா நடக்கிறது. இரண்டில் ஒன்றைப் பயணத்தின் ஒரு முனையில் வைத்துக்கொள்ளலாம்: பெரஹராவானால் தொடக்கத்தில், நல்லூரானால் திருகோணமலைக்குப் பிறகு வடக்கே ஏறி, பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்திலோ, 2023 அக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பலிலோ திரும்பலாம், கப்பல் ஓடும் நாட்களை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும், வானிலையை முன்னிட்டு அது இடையிடையே நின்றதுண்டு. பெரஹரா நாட்களில் கண்டியில் அறை கிடைப்பது அரிது. பல மாதங்களுக்கு முன்பே எழுதி உறுதிப்படுத்திவிட வேண்டும். பௌர்ணமியாகிய போயா தினத்தன்று நாடெங்கும் விடுமுறை, மதுவிற்பனை கிடையாது, விகாரைகளில் ஜனக்கூட்டம் நிறைந்திருக்கும்; அன்றைக்கு அநுராதபுரத்தில் இருக்கும்படி திட்டமிட்டுக்கொண்டால், வெள்ளை உடுத்த குடும்பங்கள் தாமரை மொட்டுகளோடு ஸ்ரீ மகா போதி என்னும் புனித அரச மரத்தை நோக்கி நடப்பதையும், பஞ்சாங்கத்தில் அந்தத் தேதியை முதலில் வட்டமிட்டுவிட்டு மற்ற நாட்களை அதன் இருபுறமும் எண்ணிக்கொண்டு போனது எவ்வளவு சரி என்பதையும் நேரிலேயே காணலாம்.